வெயில் குடித்த பேட்டரி

அத்தியாயம் 17

சனிக்கிழமையிலிருந்து நெல்வினுக்குச் சோறு இறங்கவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை காலை, தோல் ஏற்றும் ஒரு லாரியின் பேட்டரி மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு அறையிலும் ஆசிட்டின் கனம் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சி, மிதவை எங்கே நிற்கிறது என்று பார்த்தான். பார்த்ததை உடனே மறந்தான். மறுபடியும் முதல் அறையிலிருந்து ஆரம்பித்தான்.

ஆம்பூரில், பெங்களூர் ரோட்டோரம் பதினோரு வருஷமாக பேட்டரிக் கடை வைத்திருப்பவன் அவன். ஒரு பேட்டரியின் குறையைக் கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்காமல் விட்டது போன சனிக்கிழமைதான் முதல் தடவை.

அது மிஷன் ஆஸ்பத்திரி ஜீப்பின் பேட்டரி. அவன் மனைவி ஆக்னஸ் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். செவ்வாய்தோறும் மருத்துவ முகாம் போட ஜவ்வாது மலைக்கு ஜீப்பில் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவாள். மலையில் கரண்ட் கிடையாது. வயர்லெஸ் பெட்டிக்கும் பிரசவம் பார்க்கிற டியூப் லைட்டுக்கும் ஜீப் பேட்டரிதான் கதி. வெள்ளிக்கிழமை இறங்கும்போது அது செத்துப் போயிருக்கும். நேராக நெல்வின் கடைக்கு வரும். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, சனிக்கிழமை காலையில் அவனே மாட்டிவிடுவான். மூன்று வருஷமாக இப்படித்தான்.

"எங்க வீட்டுக்காரர் பேட்டரின்னு மலையில எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுது தம்பி, உன் சம்சாரம்" என்று டிரைவர் அமீர் பாஷா ஒருமுறை சொன்னபோது, நெல்வினுக்கு அன்று முழுக்கக் காலே தரையில் பாவவில்லை.

அப்புறம் ஜோனதன் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த எலக்ட்ரிகல் இன்ஜினியர். வேலூர் தோட்டப்பாளையத்துக்காரன். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெங்களூரிலிருந்து இரண்டு சோலார் பேனல் வாங்கிவந்து ஜீப்பின் கூரையில் பொருத்தினான். அதோடு பேட்டரி கடைக்கு வருவது நின்றது. பகலெல்லாம் வெயில் சார்ஜ் ஏற்றியது. ராத்திரியெல்லாம் லைட் எரிந்தது.

"என்னங்க, சார் வெயிலைப் புடிச்சு பேட்டரிக்குள்ள விடறாருங்க!" என்று ஆக்னஸ் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நெல்வின் பார்த்தான். அவர்களுடைய ஆறு வயது மகள் ஜெமி ஒரு ஜீப் வரைந்து, அதன் தலையில் ஒரு சூரியனையும் வரைந்து, பீரோ கதவில் ஒட்டிவைத்தாள். கீழே 'ஜோனதன் அங்கிள் வண்டி' என்று எழுதியிருந்தாள்.

போன சனிக்கிழமை அந்த ஜீப் ஹாரன் அடிக்கவில்லை என்று கடைக்கு வந்தது. அமீர் பாஷாவோடு ஜோனதனும் ஆக்னஸும் வந்திருந்தார்கள். நெல்வின் பானெட்டைத் திறந்தான். திறந்ததுமே அழுகிய முட்டை நாற்றம். பேட்டரியின் தலையில் ஈரம், டெர்மினலில் வெள்ளைப் பொடி. ஒரு மூடியைத் திருகிப் பார்த்தான். தண்ணீர் பிளேட்டுக்குக் கீழே போயிருந்தது. பேனலிலிருந்து வந்த ஒயர் நேராக பேட்டரியில் முடிந்தது. நடுவில், நிரம்பியதும் சார்ஜை நிறுத்துகிற ரெகுலேட்டர் இல்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வாரம் முகாம் லீவு. மே மாத வெயிலில் ஜீப் ஆஸ்பத்திரி முற்றத்தில் சும்மா நின்றிருக்கிறது. பேட்டரி நிரம்பிய பிறகும் போதும் என்று சொல்ல ஆளில்லை. உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் வெயில் குடித்துவிட்டது. இன்ஜினியர் கணக்கில் விட்ட தப்பு. ஒரு பாட்டில் டிஸ்டில் வாட்டர், ஒரு ரெகுலேட்டர், அரை மணி நேர வேலை.

வாயைத் திறக்கப் போனான். அப்போது வெளியே ஜோனதன் ஏதோ சொல்ல, ஆக்னஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

நெல்வின் மூடியைத் திருகிவைத்து, ஹாரன் ஒயரை மட்டும் இறுக்கினான். "ஹாரன் சரியாப் போச்சு. எடுத்துட்டுப் போங்க" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில், எல்லோர் முன்னாலும் வண்டி நிற்கட்டும். அந்த ஆள் முகத்தைத் தொங்கப்போடட்டும் என்பதுதான் அவன் நினைப்பு. மலையை அவன் நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி எப்படியோ கிளம்பிப் போய்விட்டது.

"நெல்வின்! ஆஸ்பத்திரி போன்! சீக்கிரம் வா!"

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஹலீமா பீ கத்தினாள். நெல்வின் ஹைட்ரோமீட்டரைக் கையில் பிடித்தபடியே ஓடினான்.

ஆபீஸ் கிளார்க் மூச்சு விடாமல் பேசினார். பலாக்கொல்லை கிராமத்தில் நிறைமாதக் கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. உடனே கீழே கொண்டுவராவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்று ஆக்னஸ் சிஸ்டர் வயர்லெஸ்ஸில் சொன்னார். ஜீப் செல்ஃப் எடுக்கவில்லை என்றார். அதோடு வயர்லெஸ்ஸும் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வேலூருக்குப் போயிருக்கிறது.

"ஃபுல் சார்ஜ்ல ஒரு பேட்டரி எடுத்து வைங்க. ஜோனதன் சார் அங்கதான் வர்றார்."

நெல்வின் ரிசீவரை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினான்.

அவன் திரும்பி வருவதற்குள் ஜோனதன் ஆட்டோவிலிருந்து குதித்துவிட்டான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "மலைக்கு அடுத்த பஸ் ஒரு மணிக்குத்தான் பிரதர். ஆட்டோ அந்த ஏத்தத்துல ஏறாது. உங்க ஸ்கூட்டர் ஏறுமா?"

"ஏறும்."

"நான் பேட்டரியை மடியில வச்சுக்கறேன்."

நெல்வின் அவனை ஏறிட்டுப் பார்த்தான். ஐந்து நாளாக எந்த முகத்தை அவமானத்தில் பார்க்க ஆசைப்பட்டானோ, அந்த முகம் இப்போது அவனுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் உட்காரப் போகிறது. பேட்டரியைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான். டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினான்.

வாணியம்பாடி தாண்டினார்கள். பாலாற்று மணலும் தோல் ஷாப்பு நாற்றமும் பின்னால் போயின. ஆலங்காயம் ரோடு பிடித்ததும் ஜோனதன்தான் ஆரம்பித்தான்.

"எங்கயோ நான் தப்புப் பண்ணியிருக்கேன் பிரதர். ரெண்டு மாசம் நல்லாத்தானே ஓடிச்சு? உங்களுக்கு என்னா தோணுது?"

"பார்த்தாத்தான் தெரியும்" என்றான் நெல்வின்.

பொய் நாக்கில் ஆசிட் மாதிரி கரித்தது. வண்டியை முறுக்கினான்.

"வண்டி நிக்கிறது பள்ளத்துல. சுத்திலும் உழுத கொல்லை. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்ல. கிளார்க் சொன்னார்." மடியிலிருந்த பேட்டரியை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அப்புறம், "அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இந்த வேலையிலயே இருக்க மாட்டேன்" என்றான்.

யாரும் மெச்சவேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை என்பது நெல்வினுக்குத் தெரிந்தது. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. இவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா? தலைக்கனம் பிடித்தவனாக, அடுத்தவன் மேல் பழி போடுகிறவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

மலை ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்கூட்டர் சாய்ந்து நிமிர்ந்தது. ஏழெட்டு வளைவு தாண்டியிருக்கும். புளித்த நெடி ஒன்று நெல்வினின் மூக்கில் ஏறியது. பழகிய மூக்கு. சட்டென்று வண்டியை ஓரம் கட்டினான்.

ஜோனதனின் பேண்ட், வலது தொடை மேல் சல்லடையாகக் கிழிந்திருந்தது. உள்ளே தோல் சிவந்து பொங்கியிருந்தது. சாய்வில் மூடி வழியாக ஆசிட் கசிந்திருக்கிறது. எத்தனை நேரமாகவோ!

"ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நிறுத்துவீங்க. நேரம் இல்ல."

பாறை இடுக்கில் கொஞ்சமாக வழிந்த தண்ணீரை நெல்வின் இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து அந்தத் தொடையில் ஊற்றினான். ஜோனதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். சாக்கை மாற்றிச் சுற்றினார்கள். மறுபடியும் பேட்டரியை ஜோனதனே மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

'சொல்லிவிடு' என்று உள்ளே ஒன்று சொன்னது. நெல்வின் கிக்கரை உதைத்தான்.

பலாக்கொல்லை பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஊரே கூடியிருந்தது. கம்பில் போர்வையைக் கட்டி டோலி தயாராக வைத்திருந்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நடையாகவே தூக்கிக்கொண்டு இறங்குவதாக இருந்தார்கள். உள்ளே பாயில் குப்பம்மா என்ற அந்தப் பெண் காகிதம் மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தாள். அவள் புருஷன் வெள்ளையன் டிரிப் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கை மரத்தும் இறக்காமல் நின்றான்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டு ஆக்னஸ் ஓடிவந்தாள். புடவை முழுக்க ரத்தம். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். நெல்வின் வண்டியை நிறுத்தி இறங்கினான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

"ஐயோ சார், காலுக்கு இன்னா ஆச்சு?"

ஒரு நொடிதான். அடுத்த நொடி அவள் திரும்பி, "சீக்கிரம் மாட்டுங்க" என்று நெல்வினிடம் சொன்னாள். நர்ஸ் முதலில் காயத்தைத்தான் பார்ப்பாள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு நொடி, நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

பள்ளத்தில் ஜீப் தகதகவென்று வெயிலில் நின்றது. கூரையில் இரண்டு பேனலும் பளபளத்தன. நெல்வின் முதலில் பேனல் ஒயரைப் பிடுங்கினான். பழைய பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்தான். அமீர் பாஷா குனிந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார்.

"யா அல்லா! ஒரு சொட்டு இல்லியே. எலும்பாட்டம் காஞ்சு கெடக்குது." நிமிர்ந்து நெல்வினைப் பார்த்தார். "தம்பி, சனிக்கிழமை நீ பானெட்டைத் தொறந்தியே? தண்ணி பார்க்கலியா?"

ஸ்பேனர் நழுவியது. "ஹாரன் மட்டுந்தான் பாய் பார்த்தேன்."

நாலடி தள்ளி, டோலியோடு வந்துகொண்டிருந்த ஆக்னஸ் ஒரு கணம் நின்றாள். குப்பம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"போடு பாய்!" என்று கத்தினான், கொண்டுவந்த பேட்டரியை மாட்டி முடித்த நெல்வின்.

செல்ஃப் ஒரு இழுப்பில் எடுத்தது. இன்ஜின் உறுமியதும் கூட்டத்தில் யாரோ அழுதார்கள்.

ஜீப்பில் இடமில்லை. நெல்வின் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தான். முன்னால் போகிற வண்டியின் புழுதிக்குள், வெள்ளையனிடமிருந்து டிரிப் பாட்டிலை வாங்கி உயர்த்திப் பிடித்திருந்த ஜோனதனின் கை தெரிந்தது. அதற்குக் கீழே ஆக்னஸின் குனிந்த தலை தெரிந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு அவன் அந்த இரண்டையும் மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்த இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்திருக்கலாமே, சனிக்கிழமை வாயைத் திறந்திருந்தால்!

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. ரத்தம் வேண்டும் என்றார்கள். அமீர் பாஷாவும் ஒரு நர்ஸ் மாணவியும் கொடுத்தார்கள். நெல்வின் கையை நீட்டினான். அவன் குரூப் சேரவில்லை.

நாலரை மணிக்குக் குழந்தை அழுத சத்தம் கேட்டது. ஆண் குழந்தை. தாயும் பிழைத்துவிட்டாள், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

நெல்வின் சுவரில் சாய்ந்தான்.

தாழ்வாரத்துக் கோடியில் சூப்பரின்டெண்டென்ட் ஜெபராஜ் ஐயாவின் குரல் உயர்ந்தது. "யார் பொறுப்பு இதுக்கு? மலை மேல நர்ஸை அனுப்பிச்சிட்டு, கிளம்பாத வண்டியைக் குடுத்திருக்கோம்!"

"என் பொறுப்புத்தான் ஐயா" என்றான் ஜோனதன். தொடையில் கட்டுப் போட்டிருந்தார்கள். "சார்ஜ் நிறுத்தறதுக்கு ஒரு ரெகுலேட்டர் வைக்காம விட்டுட்டேன். வேற யார் மேலயும் தப்பில்ல."

"நாளைக்குப் பத்து மணிக்கு எழுத்துல குடுங்க. கமிட்டி கேட்கும். வேலையில நீங்க தொடரலாமா வேணாமான்னு அவங்க சொல்லுவாங்க."

ஐந்து நாளாக நெல்வின் காத்திருந்த காட்சி இதுதான். அவன் கேட்டபடியே, எல்லோர் முன்னாலும், அந்த ஆள் தலைகுனிந்து நின்றான். ஆனால் அந்தக் குனிவிலும் அவன்தான் உயரமாகத் தெரிந்தான். வெற்றி என்று எண்ணியது வாயில் வைக்க முடியாமல் கசந்தது.

யாரோ நெல்வினின் இரண்டு கையையும் பிடித்தார்கள். வெள்ளையன்.

"சாமி, ஒங்க பேட்டரிதானாமே. ஸ்கூட்டர்ல தூக்கியாந்தீங்களாமே. ஒங்க பேரு சொல்லுங்க. எங்க புள்ளைக்கு வெக்கிறோம்."

நெல்வின் கையை உருவப் பார்த்தான். அந்த ஆள் விடவில்லை. அழுதுகொண்டே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சொல்லுங்க சாமி."

"ஜோனதன்" என்றான் நெல்வின்.

வெள்ளையன் அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வார்டுப் பக்கம் போனான். அவன் நகர்ந்ததும், பின்னால் ஆக்னஸ் நிற்பது தெரிந்தது. முகம் கழுவி, வேறு புடவை மாற்றியிருந்தாள்.

"ஏன் அவர் பேரைச் சொன்னீங்க?"

விலகப் போன அவனை ஆக்னஸ் மறித்தாள்.

"சனிக்கிழமை மூடியைத் தொறந்தீங்களா, இல்லியா? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க."

"தொறந்தேன்."

"தண்ணி இல்லன்னு தெரியுமா?"

"தெரியும். ரெகுலேட்டர் இல்லன்னும் தெரியும்."

ஆக்னஸ் கத்தவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். "காலையில அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கினு, சிஸ்டர், வண்டி வந்துடுமான்னு கேட்டுக்கினே இருந்தா. நான் ஒவ்வொரு வாட்டியும் இதோ வந்துடும்னு சொன்னேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னையும் அவரையும் சந்தேகப்பட்டீங்களா?"

"ஐயோ, இல்ல ஆக்னஸ். அது சத்தியமா இல்ல."

"பின்ன என்னாங்க?"

"அந்தப் பேனலைப் பத்திப் பேசறப்போ உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் இருக்கும். முன்னெல்லாம் அது என் பேட்டரிக்கு இருந்துச்சு. இப்போ இல்ல. அவ்ளோதான்."

அவள் அவனைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்தது. கோபத்தைவிடப் பெரியதாக வேறு ஏதோவும் இருந்தது.

"உங்க மேல பொறாமைப்படறதுக்கு எனக்கும் ஆயிரம் காரணம் கெடைச்சிருக்கும். தேடினா. நான் தேடல." எழுந்தாள். "உங்க தங்கச்சி ஃபீபிக்குப் போன் பண்ணிட்டேன். ஜெமியை அது பார்த்துக்கும். இன்னைக்கு நான் வீட்டுக்கு வரல, நர்ஸ் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் வாசல்ல நிப்பேன். நீங்க வந்து சொல்லணும். வரலன்னா நான் சொல்லுவேன்."

அவள் வார்டுக்குள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது ஷூ கம்பெனி விடும் நேரம். ரோடு நிறையப் பெண்கள் டிபன் பாக்ஸோடு நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், காலை இழுத்து இழுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான் ஜோனதன். கிழிந்த பேண்ட்டின் மேல் ஆஸ்பத்திரித் துண்டைக் கட்டியிருந்தான்.

நெல்வின் அவனைத் தாண்டிப் போய்விட்டான். ஐம்பது அடி போயிருப்பான். பிரேக்கை மிதித்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

"ஏறுங்க சார்."

"பரவால்ல பிரதர், பஸ்..."

"ஏறுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அவன் ஏறி உட்காரும்வரைகூட நெல்வினால் பொறுக்க முடியவில்லை. "சனிக்கிழமையே நான் பார்த்தேன். தண்ணி இல்லாததும் தெரியும், ரெகுலேட்டர் இல்லாததும் தெரியும். வேணும்னே சொல்லல. நீங்க அசிங்கப்படணும்னு."

ஜோனதன் மெதுவாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஒரு ஷூ கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. தன் முதுகில் ஓர் அடி விழும் என்று நெல்வின் எதிர்பார்த்தான். விழுந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"நாளைக்கு ஆபீஸ்ல இதைச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான் ஜோனதன்.

"சொல்றேன்."

"அப்போ நானும் ஒண்ணு சொல்லிடணும் பிரதர். ரெண்டு மாசமா உள்ளயே வச்சிருக்கேன்." அவன் குரல் இறங்கியது. "ஆக்னஸ் சிஸ்டர் பத்தி. உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

கிளட்ச்சைப் பிடித்திருந்த நெல்வினின் விரல்கள் தளர்ந்தன. ஸ்கூட்டர் ஒரு தடவை துள்ளி, நடு ரோட்டில் அணைந்து நின்றது.